மூன்றில் வைத்த சூடு

முப்பத்தொரு வருடங்களாக ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போகாத அத்தானும் மச்சானும், ஓய்வுபெற்ற பிறகு, ஒரே மாதத்தில், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் ஆளுக்கொரு வெல்டிங் மெஷின் வாங்கினார்கள். சொல்லியிருந்தால் இருவரில் ஒருவர் நிச்சயம் வாங்கியிருக்க மாட்டார்.

அத்தான் லிஃப்ட்காரர். பதினான்கு மாடி அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான் அழுத்தியவர். ஏறிய தூரத்தையெல்லாம் ஒருநாள் கூட்டிப் பார்த்தார். நிலாவுக்குப் பாதி வழி வந்தது. இறங்கிய தூரமும் அவ்வளவே இருந்ததால், தரைத்தளத்திலேயே ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்தார். மச்சான் டெய்லர். லிஃப்ட்காரரின் மனைவிக்கு ஒரே தம்பி. இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் தைத்த சட்டையைப் போட்டவர்கள், உள்பக்கத் தையலைக் காட்டுவதற்காகவே சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள் என்று சொல்வார்கள். சொன்னவர் டெய்லர்தான்.

இரண்டும் மிக் மெஷின்கள். துப்பாக்கியின் விசையை அழுத்தினால் முனையிலிருந்து கம்பி தானாக வந்து உருகும். பொழுதுபோக்குக்கு வெல்டிங் செய்கிறவர்களுக்கென்றே செய்த சின்னப் பெட்டிகள். வித்தியாசம் கம்பியில்தான். டெய்லருடையது வெறும் கம்பி; உருகும் இடத்தில் காற்றுப் படாமலிருக்கப் பக்கத்தில் ஒரு கேஸ் சிலிண்டர் நிற்க வேண்டும். லிஃப்ட்காரருடையது உள்ளே மருந்து அடைத்த கம்பி. மருந்து எரிந்து வரும் புகையே காவல், சிலிண்டர் தேவையில்லை. முன்னதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பின்னதை இழுத்துக்கொண்டு வர வேண்டும். இரண்டு பேர் ஆயுள் முழுக்கச் சண்டை போட இது போதும்.

"அத்தான், உங்க வெல்டிங்கைப் பாத்தா கம்பி மேல காக்கா உக்காந்துட்டுப் போன மாதிரி இருக்கு."

"காக்கா உக்காந்தாலும் உடையாதுல்ல? உன் சிலிண்டரைத் தூக்கறதுக்கே ரெண்டு ஆள் வேணும். ஒரு காத்து அடிச்சா கேஸ் பறந்துடும், உன் தையல் சல்லடையாயிடும்."

"காத்தடிச்சா கதவைச் சாத்திட்டு அடிப்பேன்."

"நான் புயல்லயும் அடிப்பேன்."

லிஃப்ட்காரர் வீட்டுப் பின்முற்றத்தில்தான் இந்தப் போட்டி நடந்தது. இருவரும் ஒரே நேரத்தில் விசையை அழுத்திய ஒரு மத்தியானம், எதிர்வீட்டுச் சேவல் அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்து விடிந்துவிட்டதென்று கூவியது. வெளிச்சம் அணைந்தது, மறுபடி வந்தது, மறுபடி கூவியது. ஒரு மணி நேரத்தில் அது பதினெட்டு நாட்களை வாழ்ந்து முடித்தது. அதற்குப் பிறகு அது எதற்கும் கூவவில்லை.

இருவரும் இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று செங்குத்தாக வைத்துப் பற்றவைப்பார்கள். ஆறியதும் வைஸ் இடுக்கியில் இறுக்கிச் சுத்தியலால் அடிப்பார்கள். எது விடுகிறதோ அதைப் போட்டவன் தோற்றவன். லிஃப்ட்காரர் சூட்டுப் பொத்தானை எப்போதும் ஏழில் வைப்பார். பொறி தெறிக்கும், வரி கோணலாகும், சுற்றிலும் இரும்புக் குருணை ஒட்டிக்கொள்ளும்; ஆனால் விடாது. பட்டைதான் வளையும். டெய்லர் போட்ட வரி, ஒரு காசின்மேல் இன்னொரு காசைச் சரித்து வைத்த மாதிரி வரிசையாக இருக்கும். அதுவும் விடாது. இதை லிஃப்ட்காரர் ஒருநாளும் வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை.

சூட்டைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒருமுறை டெய்லர் விளையாட்டாகத் தன் மெஷினில் சூட்டைக் குறைத்து, வேகமாக ஓட்டினார். வரி கண்ணாடிபோல வந்தது. சுத்தியல் பட்டதும், நனைந்த பாட்டிலிலிருந்து லேபிள் வருவதுபோல முழுசாக உரிந்து வந்தது. "மேல படுத்திருக்கு, உள்ள இறங்கல," என்றார் டெய்லர். இருவரும் ஒத்துக்கொண்ட விஷயம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

அந்த வருடத்தின் நடுவில் லிஃப்ட்காரரின் மனைவி சமையலறையில் விழுந்தாள். மருத்துவமனை அவளைத் திருப்பிக் கொடுத்தபோது, வலது கையும் வலது காலும், ஏறக்குறைய எல்லாச் சொற்களும் அங்கேயே தங்கிவிட்டன. ஒன்பது சொற்கள் மிஞ்சின. லிஃப்ட்காரர் எண்ணிப் பார்த்திருந்தார். போதும், வேண்டாம், தண்ணி, வலி, லைட்டு, யாரு, வா, அழகு, தம்பி. அவரைக் கூப்பிடுகிற "என்னங்க" அதில் இல்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. "வா"வைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

மகள் மருந்துக்கடை வைத்திருப்பவள். எதையும் தேதி பார்த்துத்தான் நம்புவாள்.

"அப்பா, உங்களால அம்மாவைத் தூக்க முடியல. போன வாரம் ரெண்டு பேரும் விழுந்திருக்கீங்க."

"விழல. உக்காந்தோம்."

"எங்க?"

"தரையிலதான்."

"எவ்வளவு நேரம்?"

லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்தார். "பால்காரர் வர்ற வரைக்கும்."

மகள் சிரிக்கவில்லை. ஊருக்கு வெளியே, படுக்கையில் விழுந்தவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருந்தது. சுத்தமான இடம், போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை. "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு அம்மாவை எப்படி மாத்தப் போறீங்கன்னு எனக்குக் காட்டுங்க. இல்லன்னா அம்மா அங்க போறாங்க."

"ஊரையே தூக்கி இறக்கினவன் நான். மூணு அடி தூக்க மாட்டேனா?"

அப்படித்தான் அந்தத் தூக்கி பிறந்தது. சக்கரம் வைத்த அடிச்சட்டம், அதன்மேல் ஆளுயரத்துக்கு ஒரு தடித்த சதுரக் குழாய், அதன் உச்சியில் கட்டிலுக்கு மேலாக நீளும் ஒரு கை, கையின் நுனியில் சங்கிலி போட்டுத் தூக்கும் செயின் பிளாக். கொக்கியில் மாட்டத் துணித் தொட்டில் ஒன்றைத் தைத்துத் தருவதாக டெய்லர் சொன்னார். வரைபடத்தைப் பார்த்ததும் இன்னொன்றும் சொன்னார்.

"அத்தான், இது தூக்குமரம் மாதிரியே இருக்கு."

"தூக்கறதுக்குத்தானே செய்யறோம்."

"அக்கா கிட்ட இதைக் காட்டாதீங்க."

"உன் அக்கா முப்பத்தொரு வருஷமா என் மூஞ்சியையே பாத்தவ. இதுக்கா பயப்படுவா?"

சண்டை வராமலிருக்க வேலையைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு மூட்டுக்கு நான்கு பக்கம், ஆளுக்கு இரண்டு. குழாய்களைத் தரையில் கிடத்தி, உருட்டி உருட்டிப் பற்றவைத்தார்கள். நிமிர்த்தினால் எந்தப் பக்கம் மேலே வரும், எது கீழே போகும் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. குறிக்கத் தேவையும் இருக்கவில்லை. கோணலாக இருப்பது அத்தானுடையது, நேராக இருப்பது மச்சானுடையது என்பது தெருவுக்கே தெரியும்.

கடைசியாக மிஞ்சியது உச்சி மூட்டு. தூணும் கையும் சேருமிடம். மொத்தப் பாரமும் அதில்தான் தொங்கும். டெய்லர் தன் இரண்டு பக்கத்தைப் போட்டு முடித்தார். ஆறியபின் லிஃப்ட்காரர் மனைவியின் சக்கர நாற்காலியை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் குனிந்து, இடது கை விரலால் தம்பி போட்ட வரியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினாள்.

"அழகு," என்றாள்.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அந்தச் சொல்லை அவள் எடுத்துச் செலவழித்தது அதுதான் முதல்தடவை. அவளுக்குத் தலை வாரிவிட்டது, குளிப்பாட்டியது, கரண்டி கரண்டியாக ஊட்டியது எல்லாவற்றுக்கும் லிஃப்ட்காரருக்குக் கிடைத்து வந்தது "போதும்".

டெய்லர் மெஷினைக் கட்டிக்கொண்டு, தொட்டில் தைக்க வீட்டுக்குப் போனார். லிஃப்ட்காரர் தன் இரண்டு பக்கத்துக்கு முகமூடியை எடுத்தார். கீழே வைத்தார். மெஷின் முன்னால் குந்தினார். சூட்டுப் பொத்தான் ஏழில் இருந்தது. அதை ஆறுக்குத் திருப்பி, ஒரு இரும்புத் துண்டில் போட்டுப் பார்த்தார். பொறி குறைந்தது. ஐந்தில் இன்னும் குறைந்தது. மூன்றில் பொறியே இல்லை. மெஷின் அவர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படியொரு மரியாதையான சத்தம் போட்டதில்லை.

மூன்று என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அவ்வளவு தடித்த குழாய்க்குள் மூன்று இறங்காது என்றும் தெரியும். மச்சான் போட்ட இரண்டு பக்கமும் மலையையே தாங்கும், அவளென்ன மலையா என்று சொல்லிக்கொண்டார். கம்பியைக் கொஞ்சம் வேகமாக இழுத்தார். மேலே படிந்த கசடைத் தட்டி, பிரஷ் போட்டுத் தேய்த்தபோது, உள்ளே இருந்தது அவருக்கே அடையாளம் தெரியவில்லை. காசு காசாகச் சரிந்து கிடந்தது.

மனைவியை இன்னும் பக்கத்தில் தள்ளினார். அவள் விரல் அதன்மேலும் போனது.

"அழகு," என்றாள். பிறகு, "தம்பி."

இல்லை, இது நான் என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் இருந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைத் திருத்தப் போய் அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டால் என்ன செய்வது? அன்றைக்கே பச்சை பெயின்ட் அடித்தார், இரண்டு கோட்டு. மறுநாள் டெய்லர் தொட்டிலோடு வந்தபோது எல்லாம் ஒரே பச்சையாக இருந்தது.

பத்தொன்பது நாள் அது வேலை செய்தது. மகள் வந்து பார்த்தாள், சங்கிலியை இழுத்துப் பார்த்தாள், தலையசைத்தாள். காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, சாயங்காலம் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. லிஃப்ட்காரர் சங்கிலியை இழுக்கும்போதே பழைய குரலில் அறிவிப்பார்: "மேலே போகுது, மேலே போகுது. முதல் மாடி, ஜன்னல். இரண்டாம் மாடி, மின்விசிறி. உள்ள இருக்கறவங்க கதவோரம் நிக்க வேண்டாம்." மனைவியின் வாயின் இடது பாதி சிரிக்கும். மூலைப் பெயின்ட்டில் முடி மாதிரி ஒரு கோடு விழுந்ததைப் பதினாறாம் நாள் பார்த்தார். முடி என்றே நினைத்துக்கொண்டார். ஊதினால் போகவில்லை.

இருபதாம் நாள் காலை, இரண்டாம் மாடியில், தூக்கியின் கை தூணைவிட்டு வந்தது. பெரிய சத்தம் இல்லை. அவள் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே விழுந்தாள். இரும்பு அவளுக்குப் பக்கத்தில் விழுந்தது. "வலி" என்றாள். ஒரு தடவைதான்.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் டெய்லர் வந்துவிட்டார். அக்காவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அங்கிருந்தபடியே அவர் கண் உடைந்த மூட்டின்மேல் போனது. இரண்டு பக்கம் தூணின் தோலையே பிய்த்துக்கொண்டு, யார் போட்டதென்று தெரியாதபடி சிதைந்து வந்திருந்தது. இரண்டு பக்கம் எதையும் பிய்க்காமல் வழவழவென்று உரிந்திருந்தது. உரிந்த வரி, பெயின்ட் உதிர்ந்து, நேராக, அழகாகக் கிடந்தது.

"என்னுது அத்தான்," என்றார்.

லிஃப்ட்காரர் சங்கிலியை அவள் காலிலிருந்து விலக்கினார்.

"இவ்வளவு நேரா வேற யாரு போடுவா? என்னுதுதான். சூடு குறைஞ்சிருக்கும், இல்ல அன்னிக்குக் காத்தடிச்சுதே, கேஸ் பறந்திருக்கும். நீங்க சொல்லிட்டேதான் இருந்தீங்க."

அப்போது மகள் வாசலில் நின்றிருந்தாள். டெய்லர் சொன்னதை முழுசாகக் கேட்டாள். லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார், ஸ்ட்ரெச்சர்காரர்கள் உள்ளே வந்தார்கள், வழிவிடச் சொன்னார்கள், வழிவிட்டார். திறந்த வாயை எப்போது மூடினார் என்று அவருக்கே தெரியாது.

இடுப்பு எலும்பு. மருத்துவமனையில் மூன்று வாரம், அங்கிருந்து நேரே இல்லம். மகள் இரண்டு தீர்ப்புச் சொன்னாள். முதலாவது மாமாவுக்கு. "அவர் இனிமே அம்மா பக்கத்துல வரக்கூடாது. இல்லத்துல சொல்லி வச்சிருக்கேன்." இரண்டாவது அப்பாவுக்கு. "உங்க வெல்டிங் பாக்கச் சகிக்காட்டியும் நிக்கும்னு மாமாவே சொல்வாரு. எலும்பு கூடட்டும். முழுக்க உங்க கையால ஒண்ணு செய்யுங்க. அது சரியா இருந்தா அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாம்."

வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இவ்வளவு நல்ல பரிசு உலகத்தில் யாருக்கும் கிடைத்திருக்காது. லிஃப்ட்காரர் அதை வாங்கிக்கொண்டார். உடைந்த தூக்கியைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்தார்.

டெய்லரும் தன் மெஷினை அதே ஆளிடம்தான் போட்டார். ஊசியையும் விட்டுவிட்டார் என்று கேள்வி. வழியில் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார்; பகை இல்லை, மரியாதை. அதுதான் லிஃப்ட்காரருக்குத் தாங்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் மச்சான் அவருக்கு மரியாதை கொடுத்தது அதுதான் முதல்தடவை.

இல்லத்துக்குத் தினமும் பஸ்ஸில் போனார். மனைவி அவரைப் பார்ப்பாள், பிறகு அவர் தோளுக்குப் பின்னால் பார்ப்பாள்.

"தம்பி?"

"வெளியூர் போயிருக்கான்."

மறுநாள்: "தம்பி?"

"வேலை ஜாஸ்தியாம். வந்துடுவான்."

ஒரு மாதத்தில் மற்ற எட்டுச் சொற்களும் போய்விட்டன. "வா"வும் போனது. ஊட்டினால் பல்லை இறுக்கிக்கொண்டாள். துணிபோல ஆகிக்கொண்டு வந்தாள். பார்த்துக்கொள்கிற நர்ஸம்மா வராந்தாவில் அவரை நிறுத்தினார். "யாருங்க ஐயா அந்தத் தம்பி? பிரதமரா? ஒரு தடவை கூட்டிட்டு வாங்களேன். அவர் வந்தா ரெண்டு வாய் சாப்பிடுவாங்க."

"கூட்டிட்டு வர்றேன்," என்றார். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனார்.

புதிய தூக்கி தயாரானது. எல்லா மூட்டும் ஏழில் போட்டது. கோணல், குருணை, கருப்பு. மகள் இரண்டு சிமெண்ட் மூட்டைகளைத் தொங்கவிட்டு, ஒரு முழு நாள் அப்படியே விட்டுப் பார்த்தாள். மயிரிழைகூட அசையவில்லை.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வண்டி சொல்லிட்டேன்ப்பா. அம்மாவைக் கூட்டிட்டு வந்துடலாம்."

"மாமாவையும் வரச் சொல்லு."

"வேண்டாம்."

"அவன் வந்தாத்தான் அவ சாப்பிடுவா."

"சாப்பிட வைக்கலாம். அவர் இந்த வீட்டுக்குள்ள வந்தா அம்மா வர மாட்டாங்க. அவ்வளவுதான்."

லிஃப்ட்காரர் கையிலிருந்த துணியால் தூணைத் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை. "அந்த உச்சி மூட்டு," என்றார், "உரிஞ்சு வந்த பக்கம். அது மாமா போட்டது இல்ல. நான் போட்டது."

பல மாதங்களுக்குப் பிறகு முதல்தடவையாக மகளின் முகம் இளகியது. "அப்பா, அவரைக் காப்பாத்த நீங்க பொய் சொல்ல வேண்டாம். அந்த வெல்டிங்கை நானும் பாத்தேன். உங்களுக்கு அப்படியெல்லாம் வராது."

"வரும். அவனைக் கூப்பிடு. அவன் முன்னாடி போட்டுக் காட்டறேன்."

டெய்லர் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். விஷயத்தைக் கேட்டதும், அவரும் நம்பவில்லை. "அத்தான், பெரிய மனசு உங்களுக்கு. ஆனா ஆள் நம்பற மாதிரி சொல்லுங்க. உங்க கையில அந்தத் தையல் வராது."

லிஃப்ட்காரர் பட்டைகளை எடுத்து அடுக்கினார். சூட்டை மூன்றில் வைத்தார். கைக்கு அது ஞாபகம் இல்லை. முதல் துண்டில் கம்பி உருகாமல் குத்தி நின்றது. இரண்டாவதில் புழு மாதிரி நெளிந்தது. ஐந்தாவதில் வரி பட்டையைவிட்டு வெளியே போய்விட்டது. டெய்லர் கேட்டுக்குள் வந்து பக்கத்தில் நின்று, பழக்கத்தில், "மணிக்கட்டை விறைக்காதீங்க," என்றார். ஒன்பதாவது, பத்தாவது, பதினொன்றாவது. எல்லாம் கோணல். எல்லாம் பழைய அத்தான்.

"போதும்ப்பா," என்றாள் மகள். அந்தச் சொல்லை அவள் அம்மாவைப் போலவே சொன்னாள். பையைத் தோளில் மாட்டினாள். "மனசு சரியாகும். நாளைக்குப் பத்து மணி. படுக்கையை மட்டும் மாத்தி வைங்க."

டெய்லரும் திரும்பிவிட்டார். லிஃப்ட்காரர் முகமூடியை ஆணியில் மாட்டிவிட்டு, படுக்கை விரிப்பை மாற்றப் போயிருந்தால், விஷயம் அதோடு முடிந்திருக்கும். கட்டில் அங்கிருந்தே தெரிந்தது. லிஃப்ட்காரர் கட்டிலைப் பார்த்தார். பிறகு பன்னிரண்டாவது துண்டை எடுத்து வைத்தார்.

ஒரே இழுப்பு. அந்த மரியாதையான சத்தத்தைக் கேட்டே டெய்லர் நின்றுவிட்டார்.

கசடைத் தட்டி, தேய்த்து, வைஸில் இறுக்கினார் லிஃப்ட்காரர். மகள் அருகில் வந்து குனிந்தாள். காசு காசாகச் சரிந்து, முனை முதல் முனை வரை, அப்பழுக்கில்லாமல் இருந்தது. அவர் சுத்தியலை ஓங்கக்கூட இல்லை, தட்டினார். வரி முழுசாக உரிந்து சிமெண்ட் தரையில் விழுந்து ஓசை செய்தது.

டெய்லர் அதைக் கைக்குட்டையால் எடுத்தார். திருப்பி, உள்பக்கத்தைப் பார்த்தார்.

"எதுல வச்சீங்க?"

"மூணுல."

"அன்னிக்கும்?"

"அன்னிக்கும்."

"வேகமா இழுத்திருக்கீங்க."

"ஆமா."

"மூணு இறங்காதுன்னு..." டெய்லர் நிறுத்திக்கொண்டார். மகள்தான் முடித்தாள்.

"தெரிஞ்சேவா செஞ்சீங்க?"

"தெரிஞ்சுதான்."

மகள் போனை எடுத்தாள். நாளைக்குப் பத்து மணிக்குச் சொன்ன வண்டி வேண்டாம் என்றாள். வேற தேதியா என்று அந்தப் பக்கத்தில் கேட்டிருப்பார்கள் போல. "தேதி இல்ல," என்றாள். இல்லத்தில் பார்வை நேரம் ஆறு மணிவரை. மணி ஐந்துகூட ஆகவில்லை.

"மாமா, என் வண்டில ஏறுங்க."

டெய்லர் ஏறவில்லை. அத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவதற்கு முப்பத்தொரு வருடமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் இருந்தது. அதில் ஒன்றும் எடுத்துக் கொடுக்கும்படியாக இல்லை.

"போ," என்றார் லிஃப்ட்காரர். "வெளியூர்லேர்ந்து வந்துட்டேன்னு சொல்லு. நான் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

கார் தெருமுனையில் திரும்பியது. பின்சீட் காலியாக இருந்தது. ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை. மெஷினை அணைத்தார். அதற்குள் இருந்த விசிறி, சூடு இறங்கும்வரை தானாக ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு உள்ளே போய், அந்தப் பெரிய இரும்பைச் சுவரோரம் தள்ளிவிட்டு, யாரும் வராத கட்டிலுக்கு விரிப்பை மாற்றினார்.